முதல் வேண்டாம்

"தே குஸ்தா?" என்று அந்த அம்மா கேட்பார். பிடித்திருக்கிறதா என்று அர்த்தம். காலையில் வந்ததும் காபியைப் பற்றிக் கேட்பார். பிறகு மின்விசிறியின் வேகத்தைப் பற்றி, தையல் மெஷின் முன்னால் போட்டிருக்கும் நாற்காலியின் உயரத்தைப் பற்றி, கேன்டீன் சாம்பாரைப் பற்றி. ஒரு நாள் வெளியே பெய்துகொண்டிருந்த மழையைக் காட்டிக்கூடக் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்ப்பார். அதைத் தமிழில் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

சொன்னேன். தையல் லைனே சிரித்தது. தப்பு என்மேல் இல்லை. நம் ஊரில் ஒரு பெண்ணை நேருக்கு நேராக நிறுத்தி "பிடிச்சிருக்கா?" என்று கேட்கிற இடம் இரண்டே இரண்டு. ஒன்று புடவைக்கடை. இன்னொன்று, மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிய பிறகு நம் வீட்டு அடுப்படி. தைத்துக்கொண்டிருக்கிறவளிடம் போய் நாற்காலி பிடிச்சிருக்கா என்று கேட்டால் அவள் என்னதான் செய்வாள்? வாயைப் பொத்திக்கொண்டு பக்கத்து மெஷின்காரியைப் பார்த்தாள். அவள் அடுத்தவளைப் பார்த்தாள். கடைசியில் யாரோ ஒருத்தி, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

நல்லா இருக்கு என்றால் நன்றாக இருக்கிறது. நல்லாத்தான் இருக்கு என்றால் ஏதோ குறை இருக்கிறது, என் வாயால் சொல்ல மாட்டேன் என்று பொருள். இதை நான் எப்படி ஸ்பானிஷில் கொண்டுபோவது? "பிடித்திருக்கிறதாம்" என்று சொல்லி முடித்துக்கொண்டேன். அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் வந்து பார்த்தால் பாதிப் பேர் நாற்காலியின் மேல் அட்டைப்பெட்டியை மடித்துப் போட்டு உயரத்தை ஏற்றி உட்கார்ந்திருந்தார்கள். "பிடித்திருக்கிறது என்றாயே?" என்று என்னைக் கேட்டார். நான் குனிந்து, நழுவியிருந்த ஓர் அட்டையைச் சரியாக மடித்து வைத்தேன்.

இது இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, பதின்மூன்று வாக்கில். ஒரகடத்தில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற ஒரு தொழிற்சாலை. தாய்க் கம்பெனி ஸ்பெயினில் இருந்தது. புது லைன் ஒன்றைப் போட்டு, பெண்களுக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டுப் போக அங்கிருந்து ஓர் என்ஜினியர் அம்மா வந்திருந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. குட்டையாக வெட்டிய நரைமுடி, கழுத்தில் எப்போதும் ஓர் அளவு நாடா. ஆங்கிலம் அவருக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். அதனால்தான் என்னை எடுத்தார்கள், அந்த அம்மா இருக்கிற வரைக்கும்.

நான் பூந்தமல்லிக்காரி. பி.காம். முடித்தேன். கால் சென்டரில் ஸ்பானிஷ் தெரிந்தால் கூடச் சம்பளம் என்று யாரோ சொன்னதை நம்பி நுங்கம்பாக்கத்தில் ஒரு வகுப்புக்குப் போனேன். கால் சென்டர் வேலை கிடைக்கவில்லை, மொழி தங்கிவிட்டது. பிடிக்கும், பிடிக்காது என்கிற பாடம் வந்தபோது வகுப்பில் நான்தான் ராணி. இங்கிலீஷ்காரன் நான் காபியை விரும்புகிறேன் என்பான். ஸ்பானிஷ்காரர்கள் நம்மைப் போலவே எனக்குக் காபி பிடிக்கும் என்கிறார்கள். மே குஸ்தா எல் காஃபே. நான் சும்மா இருக்கலாம், பிடிப்பது காபியின் வேலை. இங்கிலீஷிலேயே வளர்ந்த பிள்ளைகளெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, நான் மே குஸ்தா, நோ மே குஸ்தா என்று பொரிந்து தள்ளினேன். போதாக்குறைக்கு எனக்கு வாய் வேறு கொஞ்சம் நீளம். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிறவள் என்று என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமை இருந்தது.

கம்பெனி பஸ் காலையில் பூந்தமல்லியில் என்னை ஏற்றிக்கொண்டு, செம்பரம்பாக்கத்தைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டையில் நிற்கும். பாதிப் பெண்கள் அங்கேதான் ஏறுவார்கள். தெற்கேயிருந்து வந்து, வாடகை அறைகளில் ஆறேழு பேராகச் சேர்ந்து இருக்கிறவர்கள். ஒருத்தியை ஒருத்தி ஊர்ப்பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். கோவில்பட்டி ஜன்னலோரம் உட்காரும், ராஜபாளையம் தூங்கி வழியும். சங்கரன்கோவில் என்று ஒருத்தி இருந்தாள். ஒல்லி. பேச்சு அபூர்வம். பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இடம் காலியாக இருந்தால், நான் கூப்பிடுகிற வரை நின்றுகொண்டே வருவாள்.

அவள் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருக்கை உறையில் வளைவான இடத்தில் தையல் கோணிப் போகும். கோணினால் என்ஜினியர் அம்மா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விரலால் தடவி, "ஓத்ரா வெஸ்" என்பார். இன்னொரு முறை என்று அர்த்தம். பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் நான் தேவைப்படவில்லை. ஒரே வாரத்தில் லைன் முழுக்கப் பிடித்துக்கொண்டது. கேன்டீனில் இரண்டாவது டீக்கு ஓத்ரா வெஸ். பஸ் டிரைவர் பிரேக்கை உதறிப் போட்டால் பின்சீட்டிலிருந்து ஓத்ரா வெஸ். சூப்பர்வைசர் பிள்ளைப்பாக்கத்துக்காரர், அவரும் கற்றுக்கொண்டு, "இன்னாம்மா தச்சிக்கினு கீற, ஓத்ரா வெஸ்" என்பார். சங்கரன்கோவிலிடம் மட்டும் அதைச் சொல்ல யாருக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. என்ஜினியர் அம்மா அவள் மெஷினுக்குப் பின்னால் நின்று வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். "மே என்காந்தா" என்று என்னிடம் சொல்வார். பிடிக்கும் என்பதற்கும் மேலே ஒரு படி அது. இதைத் தமிழில் சொன்னால் அவள் அன்று முழுவதும் தலையைத் தூக்க மாட்டாள் என்று நான் சொல்லாமல் விட்டதுண்டு.

அந்தப் பெண்கள் எல்லாரும் டிரெய்னி. இரண்டு வருஷம் முடிந்தால் ஒரு சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சங்கரன்கோவிலுக்குப் பொங்கலோடு முடிகிறது. அதற்குப் பிறகு என்ன செய்வாய் என்று பஸ்ஸில் ஒருமுறை கேட்டேன். ஊரில் அத்தை வேலை செய்கிற விசைத்தறிக் கூடத்தில் ஒரு தறி காலியாக இருக்கிறதாம், அங்கே நிற்கச் சொல்வார்கள் என்றாள். சொல்லும்போது முகத்தில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

அப்போதுதான் அந்த விஷயம் வந்தது. இங்கிருந்து ஒருத்தியை ஸ்பெயினுக்கு மூன்று மாதம் அனுப்புவார்கள். அங்கே எல்லா வேலையையும் கற்றுக்கொண்டு திரும்பி வந்தால், புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்குகிற நிரந்தர வேலை. ஒரே ஓர் இடம். யார் என்பதை என்ஜினியர் அம்மா ஊருக்குக் கிளம்புவதற்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஊர்த் தொழிற்சாலைக்குப் போய்விடும். அவர் யாரை நினைத்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்.

கண்ணாடி அறைக்குள் அவளை உட்கார வைத்துக் கேட்டார். நான் நடுவில். மூன்று மாதம், தங்க இடம், சாப்பாடு, திரும்பி வந்ததும் வேலை என்று எல்லாவற்றையும் விளக்கிவிட்டுக் கடைசியில், "தே குஸ்தாரியா?" என்றார். போக உனக்கு விருப்பமா?

"போக உனக்கு இஷ்டமான்னு கேக்குறாங்க" என்றேன்.

சங்கரன்கோவில் மேஜை விளிம்பைப் பார்த்தாள். "எனக்கு எதுக்குக்கா. வேண்டாம். வேற யாரையாச்சும் அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

நான் அதை அப்படியே சொன்னேன். அந்த அம்மா முகம் கொஞ்சம் வாடியது. பிறகு "முய் பியென்" என்றார். ரொம்ப நல்லது. தெளிவாகச் சொன்னதற்கு நன்றி என்று எழுந்து கை கொடுத்தார். சங்கரன்கோவில் கதவு வரை போனாள். கதவில் கையை வைத்துக்கொண்டு ஒரு நொடி நின்றாள். பிறகு வெளியே போனாள்.

அவ்வளவுதானா? "நீங்கள் இன்னொரு முறை கேட்க வேண்டும்" என்றேன்.

"ஏன்? வேண்டாம் என்றுதானே சொன்னாள்?"

"அது முதல் வேண்டாம்."

அந்த அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்கள் ஊரில் எத்தனை வேண்டாம் இருக்கிறது?"

விளக்கினேன். எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் விளக்கினேன். ஒருவர் ஏதாவது கொடுத்தால் உடனே கையை நீட்டக் கூடாது. முதலில் வேண்டாம் என்போம். அது மரியாதை. அவர்கள் திரும்பக் கேட்பார்கள். இருக்கட்டும் என்போம். மூன்றாம் முறை வற்புறுத்தினால் வாங்கிக்கொள்வோம். வற்புறுத்தவில்லை என்றால் அவர்களுக்குக் கொடுக்க மனசில்லை என்று புரிந்துகொண்டு நகர்ந்துவிடுவோம். என் பேச்சை அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்தப் பெண் ஒரு தொழிலாளி. அவள் வேண்டாம் என்று சொல்வதை இதுவரை யார் மதித்திருக்கிறார்கள்? அப்பா மதித்திருப்பாரா? சூப்பர்வைசர் மதித்திருப்பாரா? நான் மேலதிகாரி, திரும்பத் திரும்பக் கேட்டால் அது கேள்வி இல்லை, கட்டளை. நான் அதைச் செய்ய மாட்டேன்" என்றார்.

இதில் எங்கே தப்பு கண்டுபிடிப்பது? அவர் சொன்னதும் சரியாகத்தான் இருந்தது. நான் சொன்னதும் சரி. இரண்டும் சரியாக இருக்கும்போது ஒருத்திக்கு மட்டும் வேலை போகிறது.

அன்று மத்தியானம் கேன்டீனில் சங்கரன்கோவிலைப் பிடித்துக்கொண்டேன். "ஏம்மா, வேண்டாம்னுட்டியே. நெஜமாவே வேண்டாமா?"

"அவிய ஒரு தடவதானக்கா கேட்டாவ" என்றாள்.

"நீ ஒரு தடவதான சொன்ன."

"கேட்ட ஒடனே சரின்னு சொன்னா என்ன நெனப்பாவ? இதுக்குத்தான் அலைஞ்சிக்கிட்டு இருந்தான்னு நெனைக்க மாட்டாவளா?"

"அப்ப போகணும்னு ஆசை இருக்கா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "தெரியலக்கா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. தெரியலை என்றால் என்ன அர்த்தம்? ஒன்று பிடிக்க வேண்டும், அல்லது பிடிக்காமல் இருக்க வேண்டும். நுங்கம்பாக்கத்துப் புத்தகத்தில் சிரிக்கிற முகமும் அழுகிற முகமும்தான் வரைந்திருந்தார்கள், மூன்றாவது முகம் இல்லை. எனக்கு என் ஜனங்களைத் தெரியும் என்று அந்த அம்மாவிடம் அவ்வளவு அடித்துப் பேசிவிட்டு வந்தேனே, இவள் சொன்னது மரியாதைக்குச் சொன்ன வேண்டாமா, உண்மையான வேண்டாமா என்று எனக்கே பிடிபடவில்லை.

சோதித்துப் பார்க்கலாம் என்று இறங்கினேன். டீ வாங்கி நீட்டினேன். வேண்டாம்க்கா என்றாள். குடி என்றேன். இருக்கட்டும்க்கா என்றாள். கையில் திணித்தேன், குடித்தாள். சரி, கணக்கு ஒத்து வருகிறது. மறுநாள் வாழைக்காய் பஜ்ஜி. மூன்று முறை கேட்டும் வேண்டாம் என்றாள். நான்காவது முறையும் கேட்டேன், முகம் சுளித்தாள். ஓகோ, இதுதான் உண்மை வேண்டாம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். அதற்கு அடுத்த நாள் கோவில்பட்டியின் தட்டிலிருந்து இரண்டு பஜ்ஜியைத் தானாகவே எடுத்துத் தின்றாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த ஆராய்ச்சியை அத்தோடு கைவிட்டேன்.

வேறு வழியில் போனேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார வைத்து மே குஸ்தா சொல்லிக் கொடுத்தேன். தமிழில் வராதது அதிலாவது வருமா என்று பார்க்கத்தான். வந்தது. ஆச்சரியமாக இருந்தது. மே குஸ்தா மாங்கா என்றாள். மே குஸ்தா மழை. நோ மே குஸ்தா சாம்பார் என்று சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நோ மே குஸ்தா சூப்பர்வைசர் விசில். நோ மே குஸ்தா கோவில்பட்டி குறட்டை. இரண்டு வருஷமாக உள்ளே கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. "இதுல சொன்னா யாருக்கும் வலிக்காது போலக்கா" என்றாள்.

"சரி, ஸ்பெயின்?" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிப்காட் போர்டுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைப்பாக்கத்தில் சூப்பர்வைசரின் மகளுக்குக் காதுகுத்து. என்ஜினியர் அம்மாவைக் கூப்பிட அவர் கண்ணாடி அறைக்கு வந்திருந்தார். "மேடம் நம்ம வூட்டுக்கு ஒரு வாட்டி வரணும்" என்றார். நான் சொன்னேன். அந்த அம்மா உடனே, "வருகிறேன், எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்றார். சூப்பர்வைசர் திகைத்துப்போனார். இன்னும் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருக்கும் என்று பேச்சைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருப்பார் போல. வெளியே வந்து என்னிடம், "இன்னாம்மா, ஒடனே வரேன்னுட்டாங்க? நெஜமா வருவாங்களா?" என்று கேட்டார். அவர் பாடும் என் பாடாகத்தான் இருந்தது.

வந்தார். ரோட்டோர நிலத்தைக் கொடுத்த காசில் கட்டிய புது வீடு, வாசலில் பந்தல். இலை போட்டு உட்கார வைத்தார்கள். சூப்பர்வைசரின் மனைவி பரிமாறினார். முதல் சோற்றை அந்த அம்மா ஆசையாகத்தான் சாப்பிட்டார். இரண்டாவது வந்தது. நோ கிராசியாஸ், வேண்டாம் நன்றி, என்றார். "கூச்சப்படறாங்க, போடும்மா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சோறு விழுந்தது. வடை வந்தது, நோ என்றார், இரண்டு வடை விழுந்தன. பாயசத்துக்கு இரண்டு கையாலும் இலையை மறைத்துக்கொண்டார். கரண்டி கைக்கு மேலேயே காத்திருந்தது. தண்ணீர் குடிக்க ஒரு கையை எடுத்தார், அந்தச் சந்தில் பாயசம் இறங்கிவிட்டது.

முகம் சிவந்து என் பக்கம் திரும்பினார். "நான் வேண்டாம் என்பது இங்கே யாருக்கும் கேட்கவில்லையா?"

"கேட்கிறது. முதல் வேண்டாமை இங்கே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நீங்கள் சொன்னதும் அவர்கள் நிறுத்திவிட்டால், போடுவதற்கு அவர்களுக்கு மனசில்லை என்று ஆகிவிடும். அது பெரிய அவமானம்."

"பிறகு எப்படித்தான் நிறுத்துவது?"

"இலையை மூட வேண்டும்." என் இலையை மடித்துக் காட்டினேன். அவரும் தன் இலையை மடித்தார். கரண்டியோடு வந்துகொண்டிருந்த சூப்பர்வைசர் மனைவி மடித்த இலையைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த இலைக்குப் போய்விட்டார். அந்த அம்மா மூடிய இலையின்மேல் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும்போது காரில் கேட்டார். "அந்தப் பெண் அன்றைக்கு இலையை மூடினாளா, இல்லையா?"

"தெரியவில்லை" என்றேன்.

"நீ பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய்?"

"ஆமாம்."

"உனக்கே தெரியவில்லை என்றால், நீங்கள் ஒருவரை ஒருவர் எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்?"

முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் அம்மா முகம் நினைவுக்கு வந்தது. என் அம்மாவுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று யோசித்தேன். ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்டிருக்கிறேன். ஏதோ ஒண்ணு எடு என்பாள். நானும் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். நல்லாத்தான் இருக்கு என்று கட்டிக்கொள்வாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்துவிட்டு எனக்கு அது தெரியாது. காருக்குள் அழுகை வந்துவிடும் போலிருந்தது. எதற்கு என்று கேட்டால் அதுவும் எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை என்ஜினியர் அம்மா கண்ணாடி அறைக்குக் கூப்பிடவில்லை. நேராக லைனுக்குப் போய் சங்கரன்கோவிலின் மெஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இன்னொரு முறை கேட்கிறேன். இது கட்டளை இல்லை. வேண்டாம் என்றால் இலையை மூடிவிடு" என்றார். நான் சொன்னேன். இலைக்கதை அவளுக்குத் தெரியாது, ஆனாலும் புரிந்துகொண்டாள். அக்கம்பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இருக்கட்டும் மேடம்" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை மட்டும் அசைத்தேன். மூன்றாவது முறை கேட்டார்.

சங்கரன்கோவில் கையில் இருந்த உறையின் ஓரத்தைத் திரும்பத் திரும்ப நீவினாள். பிறகு என்னிடம், "பிடிச்சிருக்குக்கா. ஆனா தனியாப் போகப் பயமா இருக்கு. அங்க என்ன பேசுதாவன்னே தெரியாது. எங்க அப்பாவும் தனியா விட மாட்டாவ. நீங்க வந்தா போறேன்" என்றாள். அவ்வளவையும் ஒரே மூச்சில்.

நான் மொழிபெயர்த்தேன். கடைசி வரியில் நானும் இருக்கிறேன் என்பது சொல்லும்போதுதான் உறைத்தது. அந்த அம்மா யோசித்தார். எப்படியும் அவளுக்கு அங்கே ஒரு ஆள் வேண்டும்தான், கம்பெனியிடம் தானே கேட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். பிறகு ஸ்டூலில் என் பக்கம் திரும்பினார். "தே குஸ்தாரியா?" என்றார்.

"ஐயோ, இல்லையில்லை. எனக்கு எதற்கு? என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்" என்றேன். சுத்தமான ஸ்பானிஷில், ஒரு பிழை இல்லாமல் சொன்னேன்.

"நிச்சயமாகவா? உன்னிடம் நான் திரும்பக் கேட்க வேண்டியதில்லை. நீ எங்கள் மொழியிலேயே பேசுகிறவள், மனதில் இருப்பதை நேராகச் சொல்கிறவள்" என்றார்.

நான் சிரித்துவைத்தேன். அவர் முகம் வாடியது, "முய் பியென்" என்று ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாயைத் திறந்தால் போதும். திறக்கவில்லை. லைனைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். நான் என்ன சொன்னேன், எதற்காகச் சொன்னேன் என்று எனக்கே ஒன்றும் விளங்கவில்லை.

சங்கரன்கோவிலுக்கு நாங்கள் பேசியது ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் முய் பியென் அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்?

"மேடம்" என்றாள். "ஓத்ரா வெஸ்."

அந்த அம்மா சட்டென்று திரும்பி, அவள் மடியில் இருந்த உறையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். வளைவில் தையலைத் தடவிப் பார்த்தார். எங்கே கோணியிருக்கிறது என்று தேடினார். சங்கரன்கோவில் அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி மெஷின்மேல் வைத்தாள். என் பக்கம் கையைக் காட்டினாள். "அக்கா. ஓத்ரா வெஸ்" என்றாள்.

லைனில் யாரும் சிரிக்கவில்லை. என்ஜினியர் அம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரும்ப ஸ்டூலில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, முதல் முறை கேட்கிறவர் மாதிரி கேட்டார். உனக்குப் போக ஆசையா?

"மே குஸ்தாரியா" என்றேன். ரொம்பவே என்று "முச்சோ"வையும் சேர்த்துக்கொண்டேன்.

அந்த அம்மா எழுந்து போன பிறகு மெஷின்கள் திரும்ப ஓட ஆரம்பித்தன. சங்கரன்கோவில் மட்டும் பெடலில் காலை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொன்னீயக்கா?" என்று கேட்டாள்.

அதைத் தமிழில் சொல்வதுதான் என் வேலை. ஆறு மாதமாக மற்றவர்கள் சொன்னதையெல்லாம் சொல்லியிருக்கிறேன். இதற்கு மட்டும் வாய் வர அவ்வளவு நேரம் ஆனது.

"பிடிச்சிருக்குன்னு சொன்னேன்" என்றேன்.